கேஸ்கட்டுக்கு வைத்த பொட்டு

கார் உதிரிபாகக் கடைக்குச் சிரித்துக்கொண்டே வருகிற வாடிக்கையாளர் என்று ஒருவர் கிடையாது. நகைக்கடைக்குச் சந்தோஷமாகப் போகிறார்கள். ஜவுளிக்கடைக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். மருந்துக்கடையில்கூட, மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு நிற்கிறார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர் மட்டும் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் நசுங்கி, வருகிற வழியெல்லாம் வண்டியைத் திட்டித் தீர்த்து, மிச்சம் இருப்பதை நமக்கென்று பத்திரமாக எடுத்து வருவார். நீங்களும் ஏதாவது ஒரு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் என்றால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி. இதைப் படித்து ஆறுதல் அடையலாம். உங்களைவிட மோசமாக வாங்கியவன் ஒருவன் இருக்கிறான்.

நான் மஸ்கட்டில் ஒரு ஏ.சி. கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். ஊருக்குத் திரும்பியதும், தஞ்சாவூரில் ஒரத்தநாடு போகிற சாலையில் இந்தக் கடையை வைத்தேன். ஏன் கார் உதிரிபாகம் என்று கேட்காதீர்கள். மஸ்கட்டில் என் அறையில் இருந்த ஒருவன் அந்தத் தொழிலில் இருந்தான், நன்றாகச் சாப்பிட்டான். அவ்வளவுதான் நான் செய்த ஆராய்ச்சி. என் மனைவி விஜி வேண்டாம் என்றாள். என் அண்ணன் சிரித்தார். "மாப்பிள்ளை செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்ன ஒரே ஆள் என் மாமனார். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் பார்க்கிறவர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட என் கடையைப் பற்றிச் சொல்வார். அவர் என்மேல் வைத்த அந்த நம்பிக்கையை ஒரு டீசல் காரின் ஹெட் கேஸ்கட்டை வைத்து நான் என்ன பாடு படுத்தினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஓட்டை

கடை திறந்த புதிது. திருவையாற்றிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, தன் டீசல் காருக்கு ஹெட் கேஸ்கட் கேட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: என்ஜினின் அடிப்பாகம் பிளாக், மேல்மூடி ஹெட். இரண்டுக்கும் நடுவில் படுத்திருக்கும் மெல்லிய இரும்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். அதன் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சின்ன நாக்கு இருக்கும். அந்த நாக்கில் ஒரு ஓட்டையோ, இரண்டோ, மூன்றோ போட்டிருப்பார்கள். அது தகட்டின் கனத்துக்கு அடையாளம். ஓட்டை கூடினால் கனம் கூடுதல். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கைத் தாண்டி எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ற கனத்தைப் போட வேண்டும். இவ்வளவும் இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் அறிவு, கேஸ்கட் என்றால் தகடு என்பதோடு நின்றிருந்தது.

அவர் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்னங்க இது, மூணு இடத்துல ஓட்டையா இருக்கு?" என்றார். வாங்கிப் பார்த்தேன். இருந்தது. மொத்த வியாபாரி என் தலையில் கழிசலைக் கட்டிவிட்டான் என்று முடிவு செய்து, அலமாரியைக் குடைந்து ஒரே ஓட்டை உள்ளதைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். "இதுலயும் ஒண்ணு இருக்கே" என்றார். "இதுக்கும் குறைச்சு கம்பெனியிலேயே வராது சார்" என்று ஒரே அடியாக அடித்தேன். அவரும் திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலமே அவருடைய மெக்கானிக் விளக்கம் சொல்லித் திருப்பி அனுப்ப, அதே தகட்டோடு வந்து நின்றார். கடை நிறைய ஆள். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "நான் விவரம் தெரியாதவன், ஓட்டை கம்மியா வேணும்னு கேட்டேன். நீங்க கடைக்காரர் ஆச்சே, நீங்களுமா தம்பி?"

வரப்பு

அந்த அவமானத்துக்குப் பிறகு இரவு பகலாகப் படித்தேன், வீடியோ பார்த்தேன். படித்ததை வைத்திருக்க இடமில்லாமல், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுத்தேன். குத்தகைக்கு நிலம் எடுத்துச் செய்கிற ஒருவர் ஒரு நாள் மாட்டினார். கேஸ்கட் எதுக்குங்க, இவ்வளவு விலை சொல்றீங்க என்று அவர் கேட்டது ஒரு வரி. நான் ஸ்டூலில் உட்கார வைத்துச் சொன்னது ஒரு புராணம். ஒரே தகட்டில் சிலிண்டருக்கு ஒரு வழி, ஆயிலுக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, கலந்தால் என்ஜின் காலி என்று பேனாவால் படம் போட்டு விளக்கினேன்.

பாவம், பொறுமையாகக் கேட்டார். முடிந்தது என்று நான் பேனாவை மூடியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வரப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே வாங்கிட்டுப் போயிருப்பேன்ல? பஸ்ஸு போயிடுச்சு."

கட்டைவிரல்

எங்கள் கடைக்கு எதிர்ப்புறம் அந்தோணியின் பட்டறை. கைதேர்ந்தவர், ஆனால் அவசரக்காரர். என் வியாபாரத்தில் பாதி அவர் அனுப்புகிற ஆட்களால் நடப்பது, அதனால் அவரிடம் நான் குரலை உயர்த்துவதில்லை. வெளியூரில் வண்டி பிரிக்கப் போனால் பழைய கேஸ்கட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எனக்கு வேண்டியது ஓரத்து நாக்கில் எத்தனை ஓட்டை என்பது. படத்தில் தகடு இருக்கும், தரை இருக்கும், பக்கத்தில் கடித்து வைத்த வடைகூட இருக்கும். அந்த நாக்கை மட்டும் அவருடைய கட்டைவிரல் மூடியிருக்கும். மறுபடி எடுங்கள் என்றால் வேறு பக்கத்திலிருந்து எடுப்பார், விரலும் கூடவே அந்தப் பக்கம் வந்து நாக்கின்மேல் உட்காரும். வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லி எடுங்கள் என்று கெஞ்சினேன். "தகட்டைப் பிடிக்காம எப்படிண்ணே எடுக்கிறது? நீங்க விரலைத் தள்ளிட்டுப் பாருங்க."

ஆபரேஷன் தியேட்டர்

இந்தப் பக்கத்தில் காருக்கு முன்னாலேயே எல்லோருக்கும் பழக்கமான என்ஜின் பம்புசெட் டீசல் என்ஜின்தான். அதில் கேஸ்கட் போய்விட்டால் வயலிலேயே பிரித்து, கிரீஸோ பேஸ்ட்டோ கனமாக அப்பி மூடிவிடுவார்கள், அதுவும் ஓடும். அதே புத்தியில் ஒருவர் கார் கேஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு, "பேஸ்ட் ஒண்ணு, கிரீஸ் ஒரு டப்பா" என்றார். எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். இது அந்தக் காலத்துத் தகடு இல்லை, இதன்மேல் எதையும் தடவக் கூடாது, தூசி கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு கூடாது, கைரேகைகூடப் படாமல் ஓரத்தைப் பிடித்து வைக்க வேண்டும், ஒரு மயிரிழை இருந்தால்கூட அந்த வழியே தண்ணீர் கிளம்பிவிடும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். கடையில் இருந்த அந்தோணியும் தலையாட்டினார். அன்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அவர் கிரீஸ் டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். "நாத்தாங்காலுக்கு இவ்வளவு பதமா நான் பாத்ததில்லைங்க. என் சம்சாரம் பிரசவத்துக்கே டாக்டர் இத்தனை சொல்லல."

காப்பி

என் மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்; அவருடைய வண்டி ஒரு பழைய டீசல் கார். விதைநெல் மூட்டை அதில்தான் வரும். உர மூட்டை அதில்தான் வரும். பக்கத்து வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவர்களும் அந்த உர வாசனையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒரு நாள் அவரிடமிருந்து போன். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் காணவில்லையாம், பின்னால் வெள்ளைப் புகையாம். ஆயில் குச்சியை உருவிப் பார்க்கச் சொன்னேன். "கும்பகோணம் டிகிரி காப்பி கணக்கா நுரைச்சிருக்கு மாப்பிள்ளை" என்றார். கேஸ்கட் போய்விட்டது, தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன.

போனதுதான் போனது, நல்ல நாள் பார்த்துப் போயிற்று. என் மச்சினன் செந்திலுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். பெண் வீடு திருவாரூர். பெண்ணின் அத்தை ஒருவர் சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரர். முன்பு வந்த வரன் ஒன்றை, பூனை குறுக்கே போயிற்று என்று தட்டிவிட்டவர் என்று தரகர் எங்கள் காதில் போட்டு வைத்திருந்தார். நிச்சயத்துக்குப் போகிற வண்டி வழியில் நின்றது என்று தெரிந்தால் நிச்சயமே நின்றுவிடும். செந்திலுக்கோ அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. போனை வைத்துவிட்டுச் சாப்பிடவே மறந்து உட்கார்ந்திருப்பான். அதனால் வாடகைக் கார் பேசிவிடலாம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கார் சாமான் கடை வச்சிருக்கிற மாப்பிள்ளை எனக்கு இருக்கையில, நான் ஊரான் வண்டியில போய் இறங்குறதா? நீங்க ஒரு கேஸ்கட் எடுத்துக் கொடுங்க மாப்பிள்ளை, நாம நம்ம வண்டியிலேயே போவோம்."

இரண்டா, மூன்றா

வண்டி அந்தோணியின் பட்டறைக்கு வந்தது. ஹெட்டை இறக்கி, சூட்டில் வளைந்திருந்த அதன் அடிப்பக்கத்தை லேத்தில் கொடுத்துச் சமன் செய்தோம். பழைய கேஸ்கட்டில் இரண்டு ஓட்டை இருந்தது. ஹெட்டைச் சீவியிருக்கிறோம், அதனால் கனம் கூடுதலாக மூன்று ஓட்டை போடலாம் என்றார் அந்தோணி. பிளாக்கைத் தொடவில்லை, பிஸ்டனும் பழசுதான், அதனால் இரண்டே போதும் என்றேன் நான். வாதம் முற்றியது. டீ கொண்டு வந்தவரும் ஒரு டம்ளரை நீட்டிக்கொண்டே மூன்றுக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

நான் ஆன்லைனில் வாங்கிய டயல் கேஜ் ஒன்று கடையில் பட்டுத்துணி சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தது. பிஸ்டன் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளக்கிற கருவி. அதை எடுத்து வந்து அளந்தேன். முதலில் வந்த அளவின்படி பிஸ்டன் பானட்டையே கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். அப்புறம் பார்த்தால் காந்த ஸ்டாண்டை நான் ஒட்டவே இல்லை, சும்மா வைத்திருந்தேன். ஒட்டி, எல்லா சிலிண்டரையும் ஒவ்வொன்றாக அளந்தோம். இரண்டு ஓட்டைதான் சரி என்று வந்தது. சீவினது கொஞ்சம்தான், இரண்டே தாங்கும் என்று லேத்துக்காரரும் போனில் சொல்லிவிட்டார். இந்தத் தொழிலுக்கு வந்து நான் முதன்முதலாகச் சரியாகச் சொன்ன விஷயம் அது. அந்தோணி, "ஒத்துக்கிறேண்ணே" என்றார். பழைய டயர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமாவைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். "கேஜு வச்சுப் பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி. மாப்பிள்ளை ஒண்ணு சொன்னா எங்க வீட்ல மறுபேச்சு கிடையாது."

பொட்டு

கடை திறந்த நாளிலிருந்து எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே போகிற சாமானுக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். விஜி ஏற்படுத்தியது. அட்டைப் பெட்டியின்மேல்தான் வைப்போம். ஆனால் அன்று என் பக்தி அட்டைப் பெட்டியோடு அடங்கவில்லை. மச்சினன் வாழ்க்கை, சகுனம் பார்க்கிற அத்தை, போதாததற்கு அளந்து சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற தலைக்கனம். உறையைக் கிழித்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துத் தகட்டின்மேலேயே வைத்தேன். சும்மா எங்கேயோ வைக்கவில்லை. சிலிண்டர் வளையத்துக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவில், பார்த்தால் லட்சணமாக இருக்கிற இடமாகத் தேடி வைத்தேன். கைரேகைகூடப் படக்கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்த அதே கைதான்.

அந்தோணி தகட்டை வாங்கினார். பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அவர் கையில் துடைக்கிற துணி இருந்தது. கொஞ்சம் யோசித்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தகட்டைப் பொட்டோடு பிளாக்கின்மேல் படுக்க வைத்தார். மாமா தொண்டையைக் கனைத்தார். என்ன மாமா என்றேன். ஒன்றுமில்லை, டீ சொல்லலாமா என்றார். ஹெட் ஏறியது, புது போல்ட்டுகளை வரிசைப்படி முறுக்கினோம், சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்துக்கொண்டது. அந்தோணி வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "நீங்க பொட்டு வச்சிட்டீங்க, நான் மாதாகிட்ட சொல்லிட்டேன். இனி எந்தப் பக்கத்துலேருந்தும் குறை வராதுண்ணே."

வாய்க்கால் கரை

நிச்சயத்தன்று செந்திலும் உறவுக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நிச்சயத் தட்டுகளை வைத்துக்கொண்டு மாமா, மாமியார், விஜி, நான் எல்லோரும் காரில். மாமா ஓட்டினார். மன்னார்குடி வரை ராஜாவாகப் போயிற்று. அதைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் நகர ஆரம்பித்தது. நான் பார்த்தேன், மாமா பார்த்ததையும் பார்த்தேன். ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டால் என்ஜின் சூடு கொஞ்சம் குறையும் என்று எங்கேயோ படித்திருந்தேன். திருப்பினேன். ஆவணி வெயிலில், பட்டுப்புடவையில் இருந்த மாமியார்மேல் அனல் அடித்தது. "ஏம்மா விஜி, ஏ.சி.ய தப்பா போட்டுட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கொஞ்ச தூரத்தில் பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. வண்டியை ஓரம் கட்டினோம். சாலைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. வேனைத் திரும்ப வரச் சொல்லலாம் என்றேன். நல்ல காரியத்துக்குக் கிளம்பின வண்டியைத் திருப்பக் கூடாது என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். செந்தில் போனில், "அத்தான், எங்க இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இதோ, பக்கத்தில்தான் என்று சொல்லிக் கட் பண்ணினேன். என் ஒருவனால் அந்தப் பையனுடைய கல்யாணம் நின்றுவிடுமோ என்று, மேல்துண்டை உருவிப் பானட்டை விசிற ஆரம்பித்தேன். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, பட்டு வேட்டியோடு ஆவிக்குள் விசிறிக்கொண்டிருந்த என்னை வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். "கடைமடைக்கே தண்ணி வந்திடுச்சு, உங்க வண்டிக்கு மட்டும் இன்னும் தொறந்துவிடலையா?"

பெரிய வண்டி

நாற்றுக்கட்டு இறக்கிவிட்டு வந்த ஒரு குட்டியானை மினிலாரி நின்றது. மாமியாரும் விஜியும் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார, மாமாவும் நானும் பின்னால், சேறும் சகதியுமான பலகைமேல், தட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றோம். மாமா என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். பூ வாடிவிடாமல் இருக்க, தட்டின்மேல் தன் மேல்துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பெண் வீட்டு வாசலில் அந்த அத்தை நின்றிருந்தார். குட்டியானையைப் பார்த்தார், எங்கள் வேட்டியைப் பார்த்தார். "கார்ல வர்றதா சொன்னாங்களே சம்பந்தி, என்ன ஆச்சு?" என்றார். நான் தட்டைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன். மாமா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இறக்காமல் மூலையில் கிடந்த ஒரு நாற்றுக்கட்டைக் குனிந்து எடுத்துப் பூத்தட்டின்மேல் வைத்து, அத்தையிடம் நீட்டினார். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். நிச்சயம் முடிந்தது, செந்தில் சாப்பிட்டான், நான்தான் சாப்பிடவில்லை. எனக்காக அந்த மனுஷன் அத்தையிடம் சொன்ன பொய்யை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்வேன். "எங்க மாப்பிள்ளைதான் சொன்னாரும்மா, தட்டு கூடிப்போச்சு, பெரிய வண்டியா எடுத்துக்குவோம்னு. பச்சை நாத்தோட வந்திருக்கோம், இதைவிட என்ன சகுனம் வேணும்?"

பிரித்தபோது

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்தோணியின் பட்டறைக்கு வந்தோம். யார்மேல் பழி போடலாம் என்று வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்தேன். லேத்துக்காரர், போல்ட், கேஸ்கட் கம்பெனி, அந்தோணி முறுக்கிய முறுக்கு, கடைசியாக மாமா ஓட்டிய வேகம். ஹெட்டைத் தூக்கினார்கள். சிலிண்டர் வளையத்துக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவில், நான் வைத்த பொட்டு கருகி, ஒரு சின்ன வடகம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தகடு அமரவே இல்லை. அதன் ஓரமாகத் தண்ணீர் போன தடம் கோடு போட்டது போல் தெரிந்தது.

அந்தோணி தோளில் கிடந்த துணியை எடுத்துக் காட்டினார். "அன்னைக்கே துடைக்கணும்னுதான் துணிய எடுத்தேண்ணே. உங்க சாமி பொட்டு, நான் வேற கோயிலு. நான் துடைச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். மாமா மெதுவாக, "நானும் பாத்தேன்" என்றார். பம்புசெட் என்ஜினோடு பாதி ஆயுசைக் கழித்தவர், இது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஏன் மாமா சொல்லவில்லை என்றேன். "பக்தியா வச்சிருக்கீங்க. மாப்பிள்ளை வச்சதைத் துடைன்னு மாமனார் எப்படிச் சொல்றது?" என்றார். ஆக, எனக்குத் தெரியும், அந்தோணிக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். தெரிந்த மூன்று பேரும் மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு சந்தனப் பொட்டை என்ஜினுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

கடைக்குப் போய், இரண்டு ஓட்டையில் இன்னொரு கேஸ்கட்டை எடுத்தேன். இந்த முறை பொட்டைப் பெட்டியின்மேல் மட்டும் வைத்தேன். சத்தியமாகப் பெட்டியின்மேல் மட்டும்தான். பட்டறைக்குக் கொண்டுவந்து உறையைப் பிரித்துத் தகட்டை உருவினேன். அந்தோணி என் விரலைப் பார்த்தார், மறுபடியும் துணியைத் தோளுக்குக் கொண்டுபோனார். மாமா தொண்டையைக் கனைத்தார். டீ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். டயரைவிட்டு எழுந்து வந்தார். என் அப்பா போன பிறகு என்னை அப்படி யாரும் அதட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது, நல்லவேளை, பட்டறையில் புகை இருந்தது. "மாப்பிள்ளைன்னு கூப்பிட்டா, அடுத்த வார்த்தை சரின்னுதான் வருது எனக்கு. அதனால இனிமே பேரைச் சொல்லித்தான் கூப்பிடப் போறேன். ஏய் ரமேசு, விரல்ல சந்தனத்தை வச்சிக்கிட்டு எதைத் தொடுறே? போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா!"

அன்றிலிருந்து எங்கள் கடைப் பொட்டு பெட்டியைத் தாண்டி உள்ளே போவதில்லை, மாமனார் வீட்டில் எனக்கு முதல் பந்தியும் கிடையாது.